ஐம்பது நொடி

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும்வரை எங்களை யாரும் நினைப்பதில்லை. குழாயில் தண்ணீர் வரும்போது பிளம்பரை யார் நினைக்கிறார்கள்? அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒன்பது வருடம் தலைவனாக இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

ஒருநாள் கூட்டத்தில் முதலாளி கேட்டார். "உங்க டிபார்ட்மெண்ட் கரண்ட் பில் மாதிரிங்க. மாசாமாசம் கட்டறோம். உங்களால நமக்கு என்ன வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கட்டிலோரப் பொத்தானை நோயாளி அழுத்தினால், நர்சுகளின் மேசையில் மணி அடிக்கும். திரையில் அறை எண் சிவப்பாகத் தெரியும். நர்சு அறைக்குப் போய்ச் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால்தான் அது அடங்கும். சராசரியாக ஏழு நிமிடம் ஆனது. நான் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். யார் போனாலும் போகாவிட்டாலும் ஐம்பது நொடியில் மணி தானாக அடங்கும். 'கவனிக்கப்பட்டது' என்று பச்சையில் பதிவாகும். மாத அறிக்கையில் சராசரி ஐம்பது நொடிக்குள் இறங்கியது. வார்டில் இரைச்சலும் குறைந்தது.

தலைமை நர்சு மட்டும் என் அறைக்கு வந்தார். "சார், மணி அடங்கிடுது. ஆனா நாங்க இன்னும் போகவே இல்ல."

"எழுதிக் குடுங்க சிஸ்டர், பாக்கறேன்."

"எழுத உக்காந்தா யார் சார் ஓடறது?"

அவர் எழுதித் தரவில்லை. என்னிடம் புகார் எதுவும் பதிவாகவில்லை.

அந்த ஐம்பது நொடி எண்ணைக் காட்டி முதலாளி ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தைப் பிடித்தார். இவ்வளவு வேகமாகக் கவனிக்கும்போது மாடிக்கு மூன்று நர்சுகள் எதற்கு என்று இரண்டாக்கினார். அது என் யோசனை இல்லை. என் எண்ணை வைத்து எடுத்த முடிவு, அவ்வளவுதான்.

பிறகு என் அக்காவுக்குப் பித்தப்பை அறுவை. நானே அங்கே சேர்த்தேன். மறுநாள் மதியம் பொத்தானை அவள் கையில் கொடுத்தேன்.

"நீ வெச்ச மணியாடா? சின்ன வயசுல நான் கூப்பிட்டா ஒரு மணி நேரம் கழிச்சு வருவ. இது எப்படி?"

"ஒரு நிமிஷத்துல ஆள் வரும்க்கா."

அப்படிச் சொல்லும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு வருடமாக அந்த அறிக்கையைப் படித்துப் படித்து நானே நம்பியிருந்தேன்.

அன்று மதியமே ஒரு மாடி கீழே கூட்டம். காப்பீட்டு நிறுவனத்தார் வந்திருந்தார்கள். மணித் திரையைச் சுவரில் நேரடியாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். 214 என்று சிவந்தது. ஐம்பது நொடியில் பச்சையானது. மறுபடி 214. மறுபடியும்.

"ஒரே அறையிலேர்ந்து இத்தனை தடவையா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒண்ணுகூட விடுபடல பாருங்க" என்றேன்.

எனக்கு அறை எண் தெரியும். அக்காவுக்கு அந்த அறையைக் கேட்டு வாங்கியவனே நான்தான். எழுந்து ஓடியிருந்தால் மேலே போக ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஓடினால் ஏன் என்று கேட்பார்கள். மணி பொய் என்று சொல்ல வேண்டிவரும். கடைசிப் பக்கம்வரை விளக்கினேன். கைதட்டினார்கள். முதலாளி எழுந்து நின்று தட்டினார்.

பதினேழு முறை அழுத்தியிருக்கிறாள். உள்ளே ரத்தக் கசிவு என்று டாக்டர் எழுதினார். நான் போனபோது கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பிரித்து எடுத்தேன்.

இதையெல்லாம் நானாகத்தான் சொல்கிறேன், நீங்கள் கேட்டுச் சொல்லவில்லை. இப்போதும் அந்த மணி எனக்குக் கேட்கிறது. எண்ணிப் பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டியும் அடங்குவதில்லை. எங்கேயோ சின்னக் கோளாறு. அந்தக் கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் கொடுத்தால் சரிசெய்துவிடுவேன்.