லாச்சியில் இருந்த விடுவிப்புக் கடிதம்

2003ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆம் திகதி திங்கட்கிழமை முற்பகல் 10.20 மணிக்கு, பொலிஸ் சார்ஜன்ட் மொஹிதீன் முன்னிலையில், தமிழில் சொல்லப்பட்டுத் தமிழிலேயே எழுதப்படுவது.

பெயர்: அம்பலவாணர் யோகம்மா. வயது: 70. பிறந்த இடம்: காரைநகர். விவாகமாகாதவர். தொழில்: ஓய்வுபெற்ற ஆசிரியை; பேராதனையில் பொருளாதாரம் பயின்ற பட்டதாரி. வசிப்பிடம்: பிரதான வீதி, லுணுகலை. இந்நகரில் நாற்பத்தைந்து ஆண்டுகளாக வசிக்கிறேன். என்னை யாரும் அழைத்துவரவில்லை, நானாகவே வந்தேன்.

மேல்மலைத் தோட்ட உதைபந்தாட்டக் கழகத்துக்கு 1991 முதல் நான் தலைவர். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த, வீட்டில் தொலைபேசி உள்ள ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டதனால் என்னைத் தெரிவுசெய்தார்கள். பந்து உருண்டையானது என்பதற்கு மேல் அவ்விளையாட்டைப் பற்றி அப்போது நான் அறிந்திருக்கவில்லை. பின்னர் அறிந்துகொண்டதற்குக் காரணம், என் வீட்டு முன்னறையை ஷுக்ரி என்பவருக்குச் சலூன் நடத்த வாடகைக்குக் கொடுத்திருப்பதே. சலூனுக்கும் என் இருப்பறைக்கும் இடையில் பலகைத் தடுப்பு மாத்திரமே உள்ளது. உள்ளே செல்வதற்கு ஓர் இடைக்கதவும் உண்டு. தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடக்கும் பந்து விவகாரம் முழுவதும், நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், என் காதில் விழும்.

அவ்விவகாரத்தில் முதன்மையானவர்கள் இருவர். ஒருவர் மாரிசாமி, வயது நாற்பத்தாறு இருக்கலாம், மேல்மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், கழகத்தின் செயற்குழு உறுப்பினர். மற்றவர் புவாத், புடவைக்கடை ஊழியர், பதுளையிலுள்ள ஏ பிரிவுக் கழகமொன்றின் தீவிர ஆதரவாளர். எங்கள் கழகம் பீ பிரிவில் உள்ளது. அந்தப் பதுளை நகரக் கழகத்துக்குக் கடை முதலாளிமார் பூட்ஸும் பஸ்ஸும் கொடுப்பார்கள். விளையாடுபவனுக்கு வேலையும் கொடுப்பார்கள். எங்கள் பதினொருவரில் நால்வர் வெறுங்காலுடன் பழகுகிறவர்கள்.

கடந்த ஜனவரி 12ஆம் திகதி ஞாயிறன்று, எங்கள் முன்னணி ஆட்டக்காரரான ரமேஸ் என்பவரை நகரக் கழகம் கேட்டிருக்கிறது என்ற செய்தியைப் புவாத் சலூனில் சொன்னார். பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் பதுளையில் ஓர் இரும்புக்கடையில் வேலையும் தருவார்கள் என்றார். மாரிசாமி மறுத்து வாதிட்டார். அவ்வாதத்தை நான் பின்னர் பயன்படுத்தியதால் இருவர் சொற்களையும் கேட்டவாறே தருகிறேன்.

"நாங்க கன்று நட்டு, ஒரம் போட்டு, கவ்வாத்து வெட்டி வச்சிருப்போம். கொழுந்து வர்ற நேரத்துல நீங்க கூடையைத் தூக்கிட்டு வந்துருவீங்களோ?" என்றார் மாரிசாமி.

"பீலியில ஒழுகுற தண்ணியில எவ்வளவு பெரிய மீன் வளரும் அண்ணே? உங்க பந்துக்குக் காத்தடிக்கவே லுணுகலைக்கு வர வேண்டியிருக்கு. பேச்சப் பாரு, ஏ டிவிஷன் பேச்சு!" என்றார் புவாத்.

"டீவியில பாத்தியா தம்பி? வெளிநாட்டுல ஒரு ஆளை எடுத்தா, குடுத்த டீமுக்குக் கோடிக்கணக்குல குடுக்குறான். இங்க குடுத்தவனுக்கு என்னா? ஒரு கும்பிடு. அதுவும் ஒத்தக் கையால."

சலூன் முழுவதும் சிரித்தது. அதன் பின்னர் மாரிசாமி, சிறிய கழகம் ஒவ்வோர் ஆண்டும் தன் சிறந்த ஆளை இலவசமாகக் கொடுத்தால் பெரிய கழகம் மேலும் பெரிதாகும், சிறியது சிறியதாகவே கிடக்கும் என்ற பொருள்பட நீண்ட நேரம் பேசினார். நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் படித்ததை அவர் சவரத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சொல்லிமுடித்தார். அவ்வாதம் பிழையற்றது என்று அன்று தீர்மானித்தேன். இன்றும் அதில் பிழை காணவில்லை.

ஒரு கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர், பழைய கழகத்தின் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்ட விடுவிப்புக் கடிதத்தை ஜனவரி 31ஆம் திகதி மாலை நான்கு மணிக்கு முன் பதுளையில் உதைபந்தாட்டச் சங்கத்திடம் சேர்ப்பித்தல் வேண்டும். தவறினால் அவ்வாண்டு புதிய கழகத்துக்கு ஆட முடியாது. ஜனவரி 19ஆம் திகதி மாரிசாமியும் ரமேஸின் தாயார் கருப்பம்மாவும் அக்கடிதத்தைச் செயலாளரின் ஒப்பத்துடன் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். போன கிழமை எதிர்த்துப் பேசியவர் இன்று கடிதத்தைக் கொண்டுவருவது ஏன் என்று மாரிசாமியிடம் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு, "அது சலூன் பேச்சுங்க டீச்சர். வாயால ஆயிரம் பேசுவோம். புள்ள போய்ப் பொழைக்கட்டுங்க" என்றார். கருப்பம்மா, "நீங்க ஒப்பம் வச்சாப் போதுங்க டீச்சரம்மா, மத்ததெல்லாம் செஞ்சாச்சுங்க" என்றார். மற்றது எது என்று நான் கேட்கவில்லை. வாதத்தில் வென்றவர் தாயின் கண்ணீருக்குத் தோற்றுவிட்டார் என்றே முடிவு செய்தேன். சரியான வாதத்தை ஒருவர் சும்மா பொழுதுபோக்குக்காகவும் சொல்லக்கூடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தை வைத்துவிட்டுப் போகும்படியும் நான் அனுப்புவதாகவும் சொன்னேன்.

அவர்கள் போனதன் பின்னர், கடிதத்தில் ஒப்பமிடாமல் மேசையின் இழுப்பறையாகிய லாச்சியில் வேண்டுமென்றே வைத்திருந்தேன். மறுநாள் நகரக் கழகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். ரமேஸை விடுவிப்பதற்கு ஈடாக மேல்மலைக் கழகத்துக்குப் பன்னிரண்டு சோடி பூட்ஸ் தரப்பட வேண்டும் என்று கேட்டிருந்தேன். இதைப் பற்றி மாரிசாமிக்கோ ரமேஸுக்கோ செயலாளருக்கோ நான் அறிவிக்கவில்லை. அவர்களுக்கான நன்மையைப் பெற்ற பின்னர் அறிவிக்கலாம் என்றிருந்தேன்.

ஜனவரி 30ஆம் திகதி வியாழக்கிழமை காலை நகரக் கழகச் செயலாளர் தொலைபேசியில் பேசினார். கோரிக்கையை ஏற்பதாகவும், பூட்ஸ் நாளைக் காலை பஸ்ஸில் வருமென்றும், கடிதத்தை இன்றே அனுப்பிவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அவரது குரல் மரியாதையாகவே இருந்தது. பொருளைக் கண்ட பிறகே ஒப்பமிடுவேன் என்று பதிலளித்தேன். அன்றிரவு முழுவதும் மழை. 31ஆம் திகதி விடியற்காலை பதுளை வீதியில் மண்சரிந்தது. பஸ் வரவுமில்லை, போகவுமில்லை. நான்கு மணி அடித்தபோது நான் மேசையருகே அமர்ந்திருந்தேன்.

பெப்ரவரி முதலாம் திகதி பாதை திறக்கப்பட்டு, முதல் பஸ்ஸில் பூட்ஸ் வந்தது. பன்னிரண்டு சோடி, எண்ணிக்கை சரி.

நேற்று, 2ஆம் திகதி ஞாயிறு, முற்பகல் பதினொரு மணியளவில் மாரிசாமியும் புவாத்தும் சலூனில் சந்தித்தார்கள். நான் தடுப்புக்கு இப்பால் நாற்காலியில் இருந்தேன். கடிதம் சங்கத்துக்கு வந்துசேரவில்லை என்றும், ஆட முடியாதவருக்கு வேலை எதற்கென்று இரும்புக்கடை வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் புவாத் உரத்துச் சொன்னார். தொடர்ந்து அவர் சொன்னதைத்தான் நான் அறியாதிருந்தேன்: பதுளை வேலையை நம்பி ரமேஸ் ஜனவரி நடுவிலேயே தோட்டத்தில் தன் பேரை வெட்டிக்கொண்டிருக்கிறார். பேர் என்பது தோட்டப் பதிவு. அது இருந்தால்தான் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று அன்றைய வேலையைப் பெறலாம். ஒருமுறை வெட்டிய பேரை மேல்மலையில் திரும்ப எழுதுவதில்லை. கடிதம் போகாவிட்டாலும் ரமேஸ் இன்னோர் ஆண்டு எங்களுடன் ஆடுவார், பழைய வேலையைப் பார்ப்பார் என்றே நான் கணக்கிட்டிருந்தேன். கருப்பம்மா "மத்ததெல்லாம்" என்று சொன்னது இதுவே.

அதன் பின்னர் புவாத், "கடிதத்தை நீங்கதான் அடுப்புல போட்டீங்க அண்ணே. புள்ள முன்னேறுறது உங்களுக்குப் பொறுக்கல்ல" என்றார்.

"டீச்சர் கையில குடுத்தேன்டா. கேட்டுப் பாரு, சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்காங்க."

"டீச்சர் படிச்சவங்க. அவங்க மேல பழியப் போடாதீங்க."

என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். எனக்கும் தடுப்புக்கும் இடையில் நான்கு அடி. எனக்கும் லாச்சிக்கும் இடையில் அதைவிடக் குறைவு. நான் எழுந்தேன். எழுந்து சென்று இடைக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மீண்டும் அமர்ந்தேன். தாழ்ப்பாள் விழுந்த ஓசை அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"பாத்தீங்களா? பொய் சொன்னா டீச்சர் கூட கதவச் சாத்துவாங்க" என்றார் புவாத். "நீங்க பெரட்டுல நிக்கிற மாதிரி அவனும் சாகுற வரைக்கும் நிக்கணும். அதானே உங்களுக்கு வேணும்?"

அதன் பின்னர் ஒரு தள்ளுதலும், கண்ணாடி உடைந்து விழும் சத்தமும் கேட்டன. தாழ்ப்பாளை நீக்கி உள்ளே சென்றேன். புவாத் கண்ணாடி மேசையின் கீழே நெற்றியில் இரத்தத்துடன் அமர்ந்திருந்தார். மாரிசாமி தம் தோள் துண்டை எடுத்து அவருடைய நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னது, "ஆடாம இருடா, ஆடாம இரு" என்பது மாத்திரமே.

மாரிசாமி சவரக்கத்தியால் வெட்டினார் என்று முறைப்பாட்டில் உள்ளதாக அறிவிக்கப்பட்டு, அது குறித்து வினவப்பட்டேன். தள்ளியதை நான் காணவில்லை, கேட்டேன். ஆனால் நான் நுழைந்தபோது கத்தி ஷுக்ரியின் கையில் இருந்தது. பாதி முகம் நுரையுடன் ஒருவர் அவருக்கு முன்னால் நாற்காலியில் இருந்தார். கத்தியில் நுரை மாத்திரமே இருந்தது. புவாத்தின் காயம் கண்ணாடியால் ஏற்பட்டதென்றே நம்புகிறேன். மாரிசாமி தள்ளியது குற்றமாயின், அவரைத் தள்ளவைத்த பொய்யை மறுக்கக்கூடியவள் நான் ஒருத்தியே. மறுக்காமலிருந்தேன் என்பதும் பதியப்பட வேண்டும். இதைப் புவாத்திடமும் வைத்தியசாலையில் இன்று காலை சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நேற்று மாலை, மாரிசாமி கைதான பின்னர், ரமேஸ் என் வீட்டுக்கு வந்தார். நான் லாச்சியைத் திறந்து கடிதத்தை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கடிதத்தைத் தொடவில்லை. மூலையில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு சோடி பூட்ஸை எடுத்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, மீண்டும் வைத்து மூடினார்.

"நல்ல சாமானுங்க டீச்சர்" என்றார். பிறகு, "மாரிசாமி மாமாவ மட்டும் எப்படியாவது வெளிய எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்ஸை எடுத்துப்போக இதுவரை யாரும் வரவில்லை.

விடுவிப்புக் கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். தலைவரின் ஒப்பத்துக்குரிய இடம் வெறுமையாக உள்ளதைச் சார்ஜன்ட் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

இவ்வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்ட முன்வந்தார்கள். அவசியமில்லை என்று வாங்கி நானே வாசித்தேன். கடிதத்தை அனுப்ப "மறந்துவிட்டேன்" என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. சார்ஜன்ட் என் வயதைக் கருதி அவ்வாறு எழுதியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. அச்சொல்லை வெட்டி, "வேண்டுமென்றே வைத்திருந்தேன்" என்று என் கையால் எழுதி, வெட்டிய இடத்திலும் ஒப்பமிட்டேன். இத்திருத்தத்துடன் மேலே உள்ள யாவும் நான் சொன்னவை, உண்மையானவை.

(ஒப்பம்) அ. யோகம்மா