சுழிப்பிழை

நான் கடைசியாகத் தூங்கி எழுந்து ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகிறது. அப்படியிருந்தும் என் கையெழுத்து கோணவில்லை என்பதை நீங்களே பார்க்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு இருக்கும் ஒரே நல்ல பெயர் இதுதான். அன்புக்கரசியின் நோட்டை வாங்கிப் பார் என்பார்கள்.

நேற்று இந்த ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது திமிர் இல்லை, மேடம். எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச வராது. தாளும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. நீங்கள் மூன்று முறை கேட்டது ஒரே கேள்வியைத்தான். சனிக்கிழமை காலை ஷாலு சொன்ன எண் என்ன, நான் தாளில் எழுதிய எண் என்ன. அதற்கு வருகிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் கோச் இன்னாசி சார் பக்கத்து அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் தன்னால்தான் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

சென்ற வருடம் வரை எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு எத்திராஜ் மாஸ்டர்தான் கோச். எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் சாலைக்குப் பின்னால் எங்கள் மைதானம். மாஸ்டரின் குரல் லாரி ஹாரனைத் தாண்டிக் கேட்கும். பாஸ் தவறினால் பத்துச் சுற்று. கோபம் அதிகமானால் செருப்பு பறந்து வரும். யார் மேலும் பட்டதில்லை. யாராவது வலிக்கிறது என்றால், "காலு ஒட்டிகினுதான கீது? ஓடுமே" என்பார்.

கேப்டன் கரோலின் திட்டு வாங்கினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் கோல் போடுவாள். ராஜாத்தி அழுதுகொண்டே ஓடுவாள். ஷாலு மட்டும் விழுந்த செருப்பை எடுத்துப் போய் அவர் காலடியில் வைத்து, "இன்னா மாஸ்டர், இன்னிக்கு ஒத்தச் செருப்புதானா?" என்பாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அந்த வருடம் மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்தோம். கரோலின் முறிந்த கட்டைவிரலோடு மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை எல்லோரும் பெருமையாகத்தான் சொன்னார்கள்.

நான்காவது இடத்துக்கு ஒன்றும் கிடையாது. முதல் மூன்று இடங்களுக்குத்தான் சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போட அது வேண்டும். எங்கள் அணியில் எல்லோரும் ஓடியது அந்தத் தாளுக்காகத்தான். ஷாலுவின் அம்மா புஷ்பவல்லி காசிமேட்டில் மீன் விற்கிறார். மகள் போலீசில் சேரும் நாளில் கூடையைக் கடலில் வீசிவிட்டு வந்துவிடுவேன் என்பார்.

பட்டியலில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டாவது நான், மாற்று கோல்கீப்பர். இரண்டு வருடத்தில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஆடாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் சான்றிதழ் உண்டு. நான் பி.எஸ்சி. இயற்பியல். ஆய்வக உதவியாளர் வேலைக்கு மூன்று முறை தேர்வு எழுதிக் கிடைக்கவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

மாஸ்டருக்கு நெஞ்சுவலி வந்து அவர் மகள் வீட்டுக்குப் போனபின், ராயபுரத்திலிருந்து இன்னாசி சார் வந்தார். அவர் பேசுவது பக்கத்தில் போனால்தான் கேட்கும். முதல் நாள் எங்களை வட்டமாக உட்கார வைத்தார்.

"என்னப் பாத்து பயந்து ஓடாதீங்க. உங்க உடம்பு என்னா சொல்லுதோ, அதக் கேட்டு ஓடுங்க."

"எங்க உடம்பு வூட்டுக்குப் போகச் சொல்லுது சார்," என்றாள் ஷாலு.

அவரும் சிரித்தார். பிறகு அவருடைய முறையைச் சொன்னார். தினமும் காலையில் ஒவ்வொருவரும் தன் வலிக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. ஐந்துக்கு மேல் சொன்னால் அன்று ஆட்டம் இல்லை. தன்னிடம் சொன்னால் மறைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வெளியே சொல்லாத ஆளாக ஒருத்தி வேண்டும் என்று சுற்றிப் பார்த்தார். அந்த மைதானத்தில் என்னை ஒருவர் பார்த்தது அதுதான் முதல் முறை.

"அன்பு, நீ வாங்கிக் குடும்மா. ஜெர்சி நம்பர், பக்கத்துல வலி நம்பர். காரணம் வேணாம். நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன். இந்தத் தாளு என்னத் தாண்டி வெளிய போகாது."

முதல் மாதம் சொன்ன எண்களின் சராசரி இரண்டு. மூன்றாம் மாதம் ஐந்து. திட்டு இல்லாமல் கரோலினுக்கு ஓடவே தோன்றவில்லை. ராஜாத்தி மட்டும் நன்றாக ஆடத் தொடங்கினாள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நான்கைந்து பேர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றோம். அதில் இரண்டில் ஷாலு கணுக்கால் வலி ஆறு என்று சொல்லி ஆடவில்லை. தடுப்பு வரிசையில் நடுவில் நிற்பவள் அவள். அவள் இல்லாமல் ஒன்றில் மூன்று கோல் வாங்கினோம், இன்னொன்றில் நான்கு.

முழங்கால் வலி ஏழு என்று சொன்ன கரோலின், அன்று சாயங்காலம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இரண்டு குடத்தோடு மூன்றாவது மாடிக்கு ஏறுவதை நான் பார்த்தேன். ஆறு சொன்னவர்கள் திரும்பும் வேனில் பாட்டுப் போட்டு ஆடினார்கள். ஒருத்தி சொல்லும் எண்ணால் எனக்கும் சேர்த்து ஒரு வருடம் போகிறது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாதது இன்னும் எரிச்சல்.

ஒரே ஒரு முறை சொன்னேன். இரண்டு நாள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"சார், இவங்க அதிகமாச் சொல்றாங்க."

"வலிக்கு வேற மீட்டர் இல்லம்மா," என்றார். "படறவ சொல்றதுதான் அளவு."

அறிவியல் படித்த யாராலும் இதை ஏற்க முடியாது. பிளஸ் ஒன்னில் திருகு அளவியைத் தொடும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நடுவில் ஒன்றும் வைக்காமல் மூடிப் பார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று காட்டினால் கருவியில் சுழிப்பிழை இருக்கிறது. கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். எந்த அளவு எடுத்தாலும் அதிலிருந்து மூன்றைக் கழித்துக்கொள். கிடைப்பதுதான் உண்மையான அளவு.

மாஸ்டர் காலத்தில் எல்லோருக்கும் பூஜ்யம் காட்டியது. சார் காலத்தில் சும்மா இருக்கும்போதே மூன்று காட்டியது. பெண்கள் மாறவில்லை, கோச்தான் மாறினார். ஆகவே மூன்றைக் கழித்தேன். கரோலின் ஏழு என்றால் நான்கு. ராஜாத்தி மூன்று என்றால் பூஜ்யம். எல்லோருக்கும் ஒரே திருத்தம். யாருக்கும் பாரபட்சம் இல்லை.

அதன்பின் ஆறு ஆட்டம் வென்றோம். யாருக்கும் எலும்பு உடையவில்லை. ஐந்துக்கு மேல் சொல்லியும் விளையாடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் சார் யோசித்துத்தான் இறக்குகிறார் என்று நம்பினார்கள். திட்டுகிற ஆள் ஓடச் சொன்னால் பயந்து ஓடுவார்கள். கேட்டுக்கொள்கிற ஆள் ஓடச் சொன்னால் நம்பி ஓடுகிறார்கள். அது இன்னும் வேகமாக இருந்தது. சாருக்கு மட்டும் இது தெரியாது. "பாத்தியா அன்பு, பயம் போனா வலியும் போயிடுது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மாநிலப் போட்டியில் அரையிறுதி வரை போய்த் தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் சனிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய் பயிற்சியில் ஷாலுவும் கரோலினும் ஒரே பந்துக்கு எகிறித் தலையோடு தலை மோதினார்கள். சார் அன்று போட்டி அட்டவணை வாங்கப் போயிருந்தார். ஷாலு சிறிது நேரம் தரையில் உட்கார்ந்திருந்து எழுந்தாள்.

"உன் மண்டையில இன்னாமே வச்சிகீற, கருங்கல்லா?" என்றாள் கரோலினிடம்.

"மூள இருந்தா கல்லு மாதிரிதான் இருக்கும். உனக்கு எங்க தெரியப் போவுது," என்றாள் கரோலின். எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை ஷாலு ஆறு சொன்னாள். வெயிலைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றாள். நான் மூன்று எழுதினேன். வெள்ளிக்கிழமை ஏழு. காலையில் வாந்தி எடுத்ததாகச் சொன்னாள். நான்கு எழுதினேன். அன்று மதியம் போனில் தேடிப் படித்தேன். தலையில் அடிபட்டவர் முழுக்கத் தேறும் வரை ஆடக் கூடாது, அதற்குள் இன்னொரு சின்ன அடி பட்டாலும் மூளை வீங்கிவிடும் என்று போட்டிருந்தது. இப்படி நடப்பது மிக அபூர்வம் என்றும் போட்டிருந்தது. நான் இரண்டையும் படித்தேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். எட்டு மணிக்கு வேனில் ஏறும் முன் எண்களை வாங்கினேன். ஷாலு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். எண்ணைச் சொன்னாள். பிறகு, "அன்பு, எழுதிக்கினியா?" என்று கேட்டாள். எழுதினேன் என்று தாளைத் தட்டிக் காட்டினேன்.

மதியம் சார் பட்டியலை வாசித்தார். நான்காம் எண் ஜெர்சி, ஷாலு. அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"சாராண்ட தாளு குட்த்தியா?"

தலையாட்டினேன்.

"நான் சொன்னத அவுரு பாத்தாரா?"

அதற்கும் தலையாட்டினேன். நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

"அப்ப சரி. அவுரே பாத்துட்டு ஆடுன்றாருன்னா ஆடலாம். மாஸ்டரா இருந்தா நானு சொல்லியே இருக்க மாட்டேன், தெரியுமா." ஷூ லேஸை அவளால் கட்ட முடியவில்லை. நான் குனிந்து கட்டிவிட்டேன்.

அறுபத்தோராம் நிமிடம் ஒரு கார்னர். பந்தைத் தலையால் வெளியே தள்ளினாள். சாதாரணமான பந்து. இரண்டு அடி நடந்து உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. மூன்றாம் இடம் எங்களுக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் ஷாலுவுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். நினைவில்லாதவர்களை அளக்க அங்கே ஒரு அளவுகோல் இருக்கிறது. நகத்தை அழுத்தி, வலிக்கு அசைகிறாளா என்று பார்க்கிறார்கள். அவளுக்கு மூன்று. அதற்குக் கீழே எண் இல்லை என்று நர்ஸ் சொன்னார். பூஜ்யத்தில் தொடங்காத அளவுகோலை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

வராந்தாவில் புஷ்பவல்லி அக்கா சாரின் சட்டையைப் பிடித்தார். "தல வெடிக்கிற மாதிரி கீதுன்னு புள்ள சொல்லிகினே வந்தாளே. உன்னாண்டயும் சொல்லிட்டேன்னு போன்ல சொன்னா. கேட்டுகினே இறக்குனியா நைனா? உன்ன நல்லவன்னு நம்பிகினுதான அனுப்புனேன்."

சார் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். அதன்பின் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துக் கிழித்து, மறுபடி கிழித்து, பையில் போட்டுக்கொண்டார். உங்களிடம் எண்ணைப் பார்க்காமலே இறக்கினேன் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாஸ்டராக இருந்தால் என் கன்னத்தில் அறைந்து கேட்டிருப்பார், நானும் சொல்லியிருப்பேன். இப்படி ஒரு கோச்சிடம் யாரால் உண்மையைச் சொல்ல முடியும்.

நான் செய்தது திருத்தம் மட்டும்தான் என்று இந்த ஐம்பத்து மூன்று மணி நேரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கணக்கில் எங்கும் தவறு இல்லை. வியாழன் ஆறு, மூன்று. வெள்ளி ஏழு, நான்கு. நீங்கள் கேட்டது சனிக்கிழமை.

ஷாலு சொன்ன எண் ஒன்பது.

ஒன்பதில் மூன்று போனால் ஆறு. ஆறு என்றால் அவள் ஆடியிருக்க மாட்டாள்.

நான் இரண்டு என்று எழுதினேன்.