மூணு கால் பானையின் ஒரு கால்

— அந்தப் பானைக் காலை எங்க எடுத்தேன்னு கேட்டா ஒழுங்கா ஒரு பதில் சொல்லுடி. நேத்து வேலியோரம்னு சொன்னே, இன்னிக்கு வாய்க்கா மேடுங்கற!

— ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானேக்கா.

— பக்கத்துலயா? நடுவுல முழு வயலே கிடக்குது! மியூசியத்து அம்மா இப்ப ஃபோன் பண்ணுவாங்க. எடுத்த இடம் சரியா தெரிஞ்சாத்தான் மிச்சப் பானையைத் தேட முடியும்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல?

— ஏதாச்சும் சொல்லிக்கறேன், விடுக்கா. டீ ஆறுது.

— ஆறட்டும். எனக்கு எரியற வயித்தெரிச்சல்ல அதைத் திரும்ப சுட வெச்சுக்கலாம்.

— ஐயோ, வாய்விட்டே சொல்லிட்டியா!

— சொல்லுவேன். எனக்கென்ன வெக்கம்? வெயில் மழை பாக்காம, மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா கத்துற அந்த மெஷினைத் தூக்கிட்டு வயல் வயலா அலையறவ நான். கால்ல விழாத குறையா நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்கினவ நான். நீ என்னமோ பொழுதுபோகலன்னு கூட வந்தவ.

— மண்வெட்டி தூக்கினேனே.

— பெரிய மண்வெட்டி! மியூசியத்துல நான் துணி விரிச்சு, தோண்டி எடுத்த என் பழைய காசு, பொத்தான், கொக்கியெல்லாம் வரிசையா அடுக்கினா, அந்தம்மா "ம்... ம்..."ங்கறாங்க. நீ கைப்பையிலேர்ந்து துண்டுல சுத்தின ஒண்ணை எடுத்ததும் நாற்காலியை விட்டே எந்திரிச்சுட்டாங்க. "அறுநூறு வருஷத்துப் பழைய மூணு கால் வெண்கலப் பானைங்க, அதோட கால் இது, நுனியில பாருங்க நகத்தோட பாதம் வார்த்திருக்காங்க"ன்னு சொல்லி, என் பொத்தான் மேலயே அதை வெச்சாங்கடி!

— அவங்க கவனிக்கலக்கா.

— அதையேதான் நானும் சொல்றேன். யாரு என்னைக் கவனிச்சா? நான் மாடா உழைச்சு பாஸானா "சரி". நீ பரீட்சைக்குப் போனதுக்கே அப்பா சைக்கிள் வாங்கிக் குடுத்தார்.

— அதை ஓட்டி ஓட்டித் தேய்ச்சது யாராம்?

— பேச்சை மாத்தாதே. இனி கண்ணாடிப் பெட்டிக்குள்ள அட்டையில உன் பேரு இருக்கும், கண்டெடுத்தவர்னு. போறவன் வர்றவனெல்லாம் படிப்பான். ஒரே ஒரு அட்டைக்காகத்தான்டி நான் இத்தனை வருஷமா அலைஞ்சேன்!

— ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்றேன்க்கா.

— பிச்சை போடறியா? இரு, இப்பத்தான் புரியுது. நீ அதை அந்த வயல்ல எடுக்கவே இல்ல. ஏதோ பழைய சாமான் கடையில வாங்கியிருக்கே, என்னை மட்டம் தட்டறதுக்கு.

— அக்கா, வேணாம்.

— ஃபோன் வரட்டும். இவ புளுகறான்னு நானே சொல்றேன்.

— வேணாங்கறேன்ல? உனக்காகத்தான் வாயை மூடிட்டிருக்கேன்.

— எனக்காகவா! அடேயப்பா, தியாகி! எங்கடி எடுத்தே?

— உன் குப்பைப் பையில.

— என்னது?

— மெஷின் கத்துச்சு, நீதான் தோண்டினே. மண்ணு அப்பின கட்டியா வந்துச்சு. "சனியன், ஏதோ டிராக்டர் பல்லு"ன்னு ஆணியோட, டப்பா மூடியோட பையில வீசினே. கொட்டிட்டு வான்னு எங்கிட்டதான் குடுத்தே. இந்தக் கதவு காத்துக்கு அடிச்சுக்குதே, முட்டுக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன். கழுவினப்பதான் நகம் தெரிஞ்சுது.

— அங்கயே சொல்லித் தொலைக்கறதுதானே!

— எப்படிச் சொல்றது? மெஷின் சத்தத்தை வெச்சே இரும்பா வெண்கலமான்னு சொல்லிடுவேன்னு அந்தம்மாகிட்ட நீ அளந்துட்டிருந்தே. சட்டுனு நான் கண்டெடுத்தேன்னு வாயில வந்துடுச்சு.

— அப்ப நான் தோண்டினதையா நானே குப்பையில வீசினேன்!

— எந்தக் குழின்னு தோண்டின உனக்குத்தான்க்கா தெரியும். இதோ, ஃபோன் அடிக்குது. நீயே பேசு. அட்டையில உன் பேரே வரட்டும், எனக்கு சந்தோஷம்தான்.

— குடு இங்க... ஹலோ, வணக்கம்மா. அக்காதான் பேசறேன். ஆங், இடமா? எனக்குத் தெரியும்மா, நானே வந்து காட்டறேன். பேரா? தங்கச்சி பேரையே போட்டுடுங்கம்மா. நான் அதைக் கையால தொட்டதுகூட இல்ல.