அதிர்வு: இல்லை

வசந்தகுமார். மொதல்ல அந்தப் பேர எழுதிக்க தாயி. சுவத்துல விரிசலப் பொறகு அளந்துக்கலாம், அது எங்கிட்டும் ஓடிப் போயிறாது. கம்பெனில மக்கள் தொடர்புன்னு சட்டையில அட்டை குத்திக்கிட்டுத் திரிஞ்சானே, அவன்தான். அவன் எழுதுன ஒத்த வார்த்தைய அவன் கையாலயே அடிக்க வைக்கணும். அதுக்குத்தான் ஆறு மாசமா ஆபீசு ஆபீசா ஏறி எறங்குறேன்.

பேரு எழுதக் கட்டமில்லையா? ஓரத்துல எழுது.

சேதுராமன் நாந்தான். அறுவத்தெட்டு. முண்டு மொளகா போட்டிருக்கேன். ஆமா, தனியாத்தான் இருக்கேன். அடுப்படிச் சுவரு விழுந்து வீட்டுக்காரி போனதுல இருந்து தனிதான்.

பொட்டிய அங்கன, பாய்க்குப் பக்கத்துல வையி. தரை சமமா இருக்கும். பூமி ஆடுனா கோடு போடுமாக்கும். நல்ல மிசினுதான். ஆனா எப்ப வரணும் அது? கம்பெனிக்காரன் பைல் அடிச்சு முடிச்சு, சாமானெல்லாம் லாரியில ஏத்தி நாலு மாசமாச்சு. இப்பக் கொண்டாந்து வச்சா என்னத்த ஆடும்? பொணத்துக்கு நாடி பாக்குற கணக்கா இருக்கு. ஒன்னச் சொல்லல தாயி. ஒன்ன அளக்க அனுப்புன ஆபீசுக்காரவுகளச் சொல்றேன்.

மீன் பதப்படுத்துற ஆலை கட்டுறோம்னு வந்தாங்க. கடக்கர மண்ணு இளகுன மண்ணுல்ல, தென்னமர ஒசரத்துக் கம்பத்த நட்டு, மேல இருந்து இரும்புக் குண்டப் போட்டு எறக்குவான், அதத்தான் பைலும்பாங்க. காலையில ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும் தொம்மு தொம்முன்னு. அடுக்குல இருக்குற சட்டி தானா நகந்து விளிம்புக்கு வந்து நிக்கும். பூமயிலு, அதான் என் வீட்டுக்காரி, அத உள்ள தள்ளி வைப்பா. எங்கடி கெளம்பிட்டன்னு சட்டியத் திட்டுவா. தெனம் நாலஞ்சு தடவ.

இதுக்கு எங்க ஊர்ல கிடுகிடுப்பும்போம். வீடு கிடுகிடுங்குதுன்னு சொல்லுவோம். அதிர்வுன்னு சொல்றதில்ல. சிரிக்காத தாயி, விசயமே இங்கனதான் இருக்கு. அதிருன்னா எங்களுக்கு வேட்டு. அதிர்வேட்டு. சாமி பொறப்பாடுன்னா போடுவோம், வயசாளி செத்தா போடுவோம்.

இந்த வசந்தகுமாரு ஒரு நா கூட்டம்னு கூப்புட்டான். வீட்டுக்கு ஒராளு, சைட்டுல தகரக் கொட்டகையில. டீ, பிஸ்கட்டு எல்லாம் உண்டு. பைல் அடிக்கிறத மட்டும் நிப்பாட்டல, அது பாட்டுக்கு அடிக்குது. எல்லாரும் போன வைப்ரேசன்ல போடுங்கன்னான். எனக்கு அந்த வேலயெல்லாம் தெரியாது. அவனே என் சட்டப்பையில இருந்து எடுத்து, என்னத்தையோ அமுக்கி, இனிச் சத்தம் வராது பெரியவரேன்னு திரும்ப வச்சுவிட்டான். மருவாதில ஒரு கொறயும் இல்ல. வைப்ரேசன்னா வாயக் கட்டுறதாக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

பொறகு ஃபாரத்தப் படிச்சான். வீட்டில் அதிர்வு ஏதும் உணரப்பட்டதா. முன்னால ஒக்காந்திருந்த என்னையத்தான் மொதல்ல கேட்டான். எனக்குப் புத்தி வேட்டுக்குப் போயிருச்சு. வெடி கிடி வச்சோமான்னு கேக்குறான் போலன்னு, போன ஆடியில சாமிக்குப் போட்டதோட சரி, அதுக்குப் பொறகு அதிர்வேட்டுச் சத்தமே இல்லீங்கன்னேன். அவன் சிரிச்சான். நான் எதச் சொல்றேன்னு அவனுக்கு வெளங்கிருச்சு தாயி, அந்தச் சிரிப்ப நான் பாத்தேன். வெளங்கியும் இல்லைன்னு எழுதுனான். ஒரு கையில எழுதுறான், மறு கையில டீ கிளாசப் பிடிச்சிருக்கான். மேசையில வச்சா நடந்து போயிரும்ல.

கையெழுத்துப் போட்டேன். பேரு மட்டும் எழுதுவேன். எனக்குப் பின்னால பதினாறு பேரு, பெரியவரு சொன்னதுதான் எங்களுக்கும்னு போட்டுட்டாங்க. வீடு கிடுகிடுங்குதான்னு கேட்டிருந்தா நிறுத்தாம ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அதிர்வு, வைப்ரேசன், கிடுகிடுப்பு எல்லாம் ஒண்ணுதான்யான்னு தாலுகா ஆபீசுலதான் ஒரு புள்ள சொல்லுச்சு. அதுக்குப் பொறகு போற எடமெல்லாம் இதே வார்த்தைதான். கை நடுங்குதுன்னு ராமநாதபுரத்துல டாக்டருட்டப் போனேன், நரம்புல அதிர்வுங்கறாரு. மருமக யுவராணி மதுரையில இருந்து வந்தவ, இந்த வீட்ல வைப்ரேசனே சரியில்ல மாமாங்கறா. மூலைக்கு மூலை கல்லுப்பு வச்சிட்டுப் போயிருக்கா பாரு, மிதிச்சிறாத. ஊரு முச்சூடும் அதிர்வு கெடக்கு. அந்தத் தாள்ல மட்டும் இல்ல.

ஆமா, அந்த மொட்டையா நிக்குதே, அதான் அடுப்படிச் சுவரு. மொளகாயக் காயப் போட்டுட்டுப் பூமயிலு அதோரமா நெழலுக்கு ஒக்காந்து காம்பு கிள்ளிக்கிட்டிருந்திருக்கா. கூட்டத்தன்னைக்குத்தான். அக்கம்பக்கத்துல ஒரு சனமில்ல, எல்லாம் வேலைக்குப் போயிருச்சு. பழைய சுவரு தானா விழுந்துச்சுங்கறான் கம்பெனிக்காரன். அதிர்வு இல்லைன்னு நீங்களே ஒப்புக்கிட்டீகளேன்னு என் கையெழுத்தையே எனக்குக் காட்டுறான்.

எனக்கு என்ன வேணும்னு கேக்குறியா? வேறொண்ணும் கேக்கல. அவன் இங்கன வரணும். இந்தச் சுவத்துக்கிட்ட நின்னு, இல்லைங்கறத அடிச்சிட்டு இருந்ததுன்னு எழுதணும். எனக்கு அவன் குடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

என்னது, கோடு போடுதா? எங்க... அட ஆமா. பதறாத தாயி, பூமி இல்ல. பாயில கெடக்கே என் போனு, அதுதான். மகன் இந்நேரம் கூப்புடுவான். இருக்கட்டும், பொறகு பேசிக்கலாம். அன்னைக்கு வசந்தகுமாரு அமுக்கிவிட்டது அப்பிடியே இருக்கு. மாத்தத் தெரியாதுன்னு சொல்லிக்கிறது.

அன்னைக்குக் கொட்டகையிலயும் அது இப்பிடித்தான் நெஞ்சு மேல கிடுகிடுன்னுச்சு. சேரு கிடுகிடுங்குது, மேசை கிடுகிடுங்குது, தரை கிடுகிடுங்குது, இதும் பைலுன்னு இருந்துட்டேன். கையெழுத்துப் போடையிலயும் அடிச்சுச்சு. ஒங்கிட்ட நகல் இருக்கும்ல, பாரு, என் பேருல நடு எழுத்து கோணிப் போயிருக்கும். அந்நேரந்தான். பிஸ்கட்ட அவளுக்குன்னு மடிச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். கல்லெல்லாம் அள்ளுன பொறகுதான் தெரியும், போனக் கையில பிடிச்சபடி கெடந்தா. ஏழு தடவ கூப்புட்டிருக்கா.

அந்தக் கோட்ட அழிச்சிறாத தாயி. ஒன் மிசினுக்காவது தெரிஞ்சுச்சே. பக்கத்துல அவன் பேர எழுது. வசந்தகுமார். இன்னைக்கு வரைக்கும் வரலைன்னும் எழுது.