சிரிக்கும்போது மட்டும் தெரிந்த தசை

விசாரணை நீதிபதி ஐயா, மருத்துவ வரலாற்றின் மாபெரும் அறிவிப்பு ஒன்றோடு தொடங்குகிறேன். எழுத்தரை நல்ல பேனாவாக எடுக்கச் சொல்லுங்கள். இடது காதுக்குப் பின்னால் தொடங்கிக் காறை எலும்பில் முடியும், பென்சில் கனமே உள்ள ஒரு தசையைக் கண்டுபிடித்தவன் நான், உடற்கூறியல் பேராசிரியர் ஹின்ரிக் ஓல்டெகோப். தசைக்கும் இனி அதுதான் பெயர். முப்பது ஆண்டுகளில் நான் அறுத்த அறுநூறு கழுத்துகளில் அது இல்லை. சீப்பு செய்யும் வென்ட்செல் ப்ரூக்கிடம் இருந்தது. அவர் சிரிக்கும்போது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமைதோறும் மதுக்கடை மூலை மேசையில் இருவரும் பீர் குடிப்போம். பிணவாடை அடிக்கிறதென்று என் பக்கத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை. வென்ட்செல் நாள் முழுவதும் மாட்டுக் கொம்பைச் சூடுகாட்டி வளைப்பவர். அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. மனைவி மக்கள் கிடையாது. எனக்கும் கிடையாது, ஆனால் எனக்கு அறிவியல் இருந்தது.

"என்ன புரொபசரே, பேசறவன் மூஞ்சியப் பாக்காம கழுத்தையே பாக்கறீங்க? பண்டிகைக்கு வளத்த வாத்தா நானு?" என்பார். சிரிப்பார். தசை துடிக்கும். "செத்ததுக்கு அப்புறம் ஆற அமரப் பாத்துக்குங்க. இப்பப் பீரக் குடிங்க."

இதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மனிதர் திடமாக இருந்தார். அதற்குள் வேறு ஊர்க்காரன் எவனாவது இன்னொரு கழுத்தில் அதைக் கண்டு தன் பெயரைச் சூட்டிவிட்டால்? ஜனவரியில் அவருக்கு இருமல் வந்தது. அபினித் துளிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தனை துளி என்று அவர் கேட்கவில்லை. "நீங்க ஒருத்தர்தான் வந்து எட்டிப் பாத்தீங்க" என்று மட்டும் சொன்னார். மூச்சு அடங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் உண்டு.

கேட்பாரற்ற பிணம் எங்கள் அறுவைக்கூடத்துக்கு வரும். இங்கே அதுதான் சட்டம். கூடத்து வேலையாள் க்ரோட்டே, "இவருக்கு யாராச்சும் இருக்காங்களாய்யா?" என்று கேட்டான். யாரும் இல்லை என்றேன். நான் இருந்தேன் என்பது அப்போது தோன்றவில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தது மனசாட்சி அல்ல, அவசரம். யார் முந்தி என்ற தகராறு பின்னால் வரக் கூடாதென்று, 'ப்ரூக் என்பவரின் பிணத்தை அறுத்து உறுதி செய்யப்பட்டது' என்ற கட்டுரையைப் பன்னிரண்டாம் தேதியே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அவர் இறந்தது பதினைந்தாம் தேதி. அஞ்சல் முத்திரையையும் தேவாலயப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்த உங்களைப் பாராட்டுகிறேன். நல்ல கூர்நோக்கு.

வியாழக்கிழமைகள் கொஞ்சம் நீண்டுவிட்டன. அறிவியலுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன், அந்தத் தசை உலகில் ஒருவரிடம்தானே இருந்தது.

இன்று காலை சிறைக்காவலர் கண்ணாடியை எதிரில் நிறுத்தி எனக்குச் சவரம் செய்தார். "கொஞ்சம் இளகுங்க புரொபசரே, பொணங்கூட இவ்வளவு விறைப்பா இருக்காது, கத்தியே ஓட மாட்டேங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நான் சிரித்தது அதுவே முதல் முறை.

என் கழுத்திலும் அது இருக்கிறது.