டேங்க்குல தண்ணி

மழைதான் தம்பி. வேற என்னவா இருக்கும்? போன வாரம் பூரா கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சில்ல. எங்க ஜீப்பு வெட்டவெளியிலதான நிக்குது. மேல போர்த்த ஒரு சாக்கு கூடக் கெடையாது. மூடி வழியா எறங்கியிருக்கும்.

மூடி இறுக்கமாத்தான் இருக்கா? ரப்பரும் புதுசா? ஆமா, நீதான மாத்துன, மறந்துட்டேன். அப்ப வேர்த்திருக்கும். டேங்க்கு உள்ளுக்குள்ள வேர்க்கும்னு போன தடவ நீயே சொன்னியே. இவ்வளவு வேர்க்காதா? எனக்கென்னப்பா தெரியும், நான் அடுப்படியில கெடக்குறவ.

நீ உன் வேலையப் பாரு ரோமுலோ. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன், அவரு வர்ற வரைக்கும். சந்தைக்குப் போயிருக்காரு. உனக்குப் பால்கெண்டை வாங்கிச் சுட்டுப் போடணுமாம். பாவம், அந்தப் பய நம்ம வண்டிய மூணாந்தரம் கழட்டி மாட்டுறான், சோறு போடாம அனுப்புனா நாம மனுசங்களாங்கிறாரு. அவரு அப்படித்தான். வேலை செய்யுறவன் வயிறு காஞ்சா அவருக்குப் பொறுக்காது.

என்னது அது, சங்கிலியா? உள்ள போட்டுக் குலுக்குனா துருவ ஒரசி எடுத்துருமா? அதான் அந்தச் சத்தம். காடி நெடி மூக்கைத் தொளைக்குது. கள்ளுக் காடிதான? வீட்டுல பச்ச மீன ஊறப்போட வச்சிருக்கிறது. மீனையே அடுப்பில்லாம வேக வைக்குது, துருவ விட்டு வைக்குமா. பாத்து ஊத்து, கையில வெட்டுக்காயம் இருக்கே, எரியப்போவுது.

அய்ய! என்னா கருப்பு. கொழம்புச் சட்டி அடிப்பிடிச்ச மாதிரியில்ல இருக்கு. அது என்ன வழவழன்னு, சளியாட்டம்? தண்ணியும் டீசலும் சேர்ந்து நின்னா அப்படிப் பாசி கட்டுமா? அதுதான் பில்டர அடைக்குதா? சரி சரி. இந்த டேங்க்கு அவரே தகரம் வெட்டி ஒட்டுனது தம்பி. எங்க கல்யாணத்துக்கும் முந்தி. ஜீப்புல பாதி அவரு கையாலயே பண்ணதுதான், அந்த ரெண்டு பக்கப் பெஞ்சு, மேல சாமான் ஏத்துற கம்பி, எல்லாம். பின்ன பழைய துரு இருக்கத்தான செய்யும்.

இல்லப்பா, பங்க்க மட்டும் சொல்லாத. பங்க்குக்காரரு சிம்போ வாயே தொறக்க முடியாம கெடக்காரு. நீ கேள்விப்படலியா? தெருவே சொல்லிச் சிரிச்சுச்சு. போன தடவ நீ டேங்க்கக் கழட்டி, அடியில தண்ணி நிக்குதுன்னு சொன்னியா, இவரு அப்படியே சட்டையக் கூடப் போடாம பங்க்குக்குப் போயிட்டாரு. டீசல்ல தண்ணி கலந்து விக்கிறியே, நீயெல்லாம் என் புள்ளைக்கு ஞானத் தகப்பனான்னு ஊர் கேக்கக் கத்தியிருக்காரு. நாலஞ்சு வண்டிக்காரங்க நிக்கிறாங்க. அந்த மனுசன் உள்ள போனாராம். ஒரு கண்ணாடிப் பாட்டில்ல டீசலப் புடிச்சு, எல்லாரும் பாக்குற மாதிரி வாசல்ல வச்சாராம். தண்ணி இருந்தா கீழ எறங்கும், நாளைக்கு வந்து பாருங்கன்னாராம். யாரும் வந்து பாக்கல. பாதி வண்டி இப்ப ஆத்துக்கு அந்தாண்ட போயி டீசல் அடிக்குது. பாட்டில் இன்னும் அங்கயேதான் இருக்கு. நான் அந்தப் பக்கம் போறதில்ல. சுத்திக்கிட்டுத்தான் சந்தைக்குப் போறேன். போன ஞாயித்துக்கிழம கோயில்ல அவரு எனக்கு முன்னால நின்னாரு. நான் சாமியார்கிட்ட நன்மை அப்பம் வாங்காமலே திரும்பி வந்துட்டேன்.

ஏன்னா... ஒண்ணுமில்ல. வயித்து வலி.

என்ன பாக்குற? கையில என்னது? காட்டு. வெளிச்சத்துல காட்டு.

அரிசியா.

எலி கொண்டு போயிப் போட்டிருக்கும்னு சொல்லலாம். நீ சிரிக்க மாட்ட, உனக்குச் சிரிக்கத் தெரியாது. இத்தனூண்டு ஓட்டைக்குள்ள எலி எங்க போகும்.

நான்தான் தம்பி.

கழனித்தண்ணி. காலைல அரிசி கழுவுன தண்ணிய எப்பவும் ஜீப்புக்குப் பின்னால நிக்கிற வாழைக்குத்தான் ஊத்துவேன். குடத்தத் தூக்கிட்டுப் போனாத்தான ஏன் போறன்னு கேப்பாங்க, சட்டியோட போறவள யாரு பாக்கப் போறா? மூணு தடவயும் நான்தான். நீ பண்ணிக் குடுப்ப, அவரு கழுவித் தொடைச்சு நிறுத்துவாரு, மறுநாள் விடியுமுன்ன நான் போயி ஊத்திருவேன். தெரு முக்கத் தாண்டாது. நின்னுரும். அவரு எறங்கி பானெட்டத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பாரு பாரு, நான் ஜன்னலுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். தலையச் சொறிஞ்சுக்கிட்டு, ஒவ்வொரு குழாயாத் தொட்டுத் தொட்டு... நேத்து வண்டிக்கிட்ட என்னமோ பேசுனாரு. என்ன ஆச்சு உனக்கு, எங்க வலிக்குதுன்னு. நான் முகத்த மூடிக்கிட்டேன்.

கோவமா? அவரு மேல எனக்கென்ன கோவம். என்னைக்காவது கை நீட்டியிருக்காரா.

அவருக்கு... எப்படிச் சொல்லுறது. அப்பப்ப எடம் நழுவுது தம்பி. மொதல்ல உப்பு எங்கன்னு கேட்டாரு, உப்பக் கையில வச்சுக்கிட்டே. அது எல்லாருக்கும் உள்ளதுதான்னு விட்டேன். அப்புறம் என்னைய அவரு தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அவ செத்து எத்தன வருசம். ஏதோ நெனப்புன்னு விட்டேன். வெளிய யாருக்கும் தெரியாது. தெரியாமப் பாத்துக்கிட்டேன். யாராவது வந்தா அவருக்கு முந்தி நான் பதில் சொல்லிருவேன். வாயாடின்னு பேரு எடுத்தாலும் பரவால்லன்னு. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் நெசம். இந்த ஊருல இவரு வண்டி, பொன்சோ வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்பாங்க. அந்தப் பேச்சு போயிருமேன்னு இருந்துச்சு.

சாவிய ஒளிச்சு வச்சுப் பாத்தேன். கம்பிய உருவிச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணிட்டாரு. பெத்த புள்ள பேரு மறந்து போகுது, அது மறக்கல. மூத்தவன் கப்பல்ல இருக்கான்ல, அவன்கிட்ட போன்ல அழுதேன். வண்டிய வித்துரும்மாங்கிறான். புருசன வித்துருன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்புறந்தான் இந்தப் புத்தி வந்துச்சு. நல்ல புத்திங்கல. நீ ஒவ்வொரு தடவயும் இப்படிப் பளபளன்னு தேய்ச்சுக் குடுப்ப பாரு, எனக்கு வயிறு எரியும். யாராவது கொஞ்சம் மோசமா வேலை பாக்கக் கூடாதான்னு இருக்கும்.

இன்னைக்கு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். டேங்க்கு அடி அத்துப்போச்சு, இனி ஆகாதுன்னு சொல்லிரு. பழைய துருதான் எல்லாத்துக்கும் காரணம், டீசல்ல ஒண்ணுமில்லன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாரு. சிம்போ பேரும் சுத்தமாயிரும். வேற டேங்க்கு கெடைக்காதான்னு கேப்பாரு, இலோய்லோ டவுனுல கூடக் கெடைக்காதுன்னு சொல்லு. பொய்தான். பாவம் என் தலையில விழட்டும். சிம்போகிட்ட நானே போறேன். என்ன சொல்லுறதுன்னுதான் தெரியல. போறேன்.

எப்பலேருந்து இப்படிப் பண்ணுறேன்னா?

அந்தப் பாலத்துக்குப் போன அன்னைலேருந்து. பழைய பாலம். வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சே, அதேதான். இப்ப அங்க என்ன இருக்கு, ரெண்டு தூணும் கீழ தண்ணியும். காலைல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனவரு, புதுப்பாலத்துக்குத் திரும்பாம நேரா அங்க விட்டுட்டாரு. பின்னால பெஞ்சு நெறையப் புள்ளைங்க. பெரிய பையனுங்க விளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சிருக்கானுங்க. முன்சீட்டுல ஒரு பொம்பளப் புள்ள. அதுதான் மொதல்ல பாத்திருக்கு. தாத்தா, இங்க பாலம் இல்லியேன்னுச்சாம். இருக்கு, நல்லாப் பாருன்னு இன்னும் அழுத்துனாராம். அந்தப் புள்ள கத்தல, அழல. தாத்தா, எனக்கு ஒண்ணுக்கு வருது, நிறுத்துங்கன்னு கையப் புடிச்சிருக்கு. உடனே நிறுத்திட்டாரு. புள்ள ஒண்ணுக்குன்னா நிறுத்தாம இருக்க மாட்டாரு. எறங்கிப் பாத்தா சக்கரத்துக்கும் கரைக்கும் நடுவுல இந்தா இந்தப் பெஞ்சு நீளங்கூட இல்லியாம். எல்லாத்தையும் எறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்கு. மத்த புள்ளைங்க தாத்தா விளையாட்டுக் காட்டுனாருன்னுதான் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கு. அவரு வீட்டுக்கு வந்து வழக்கம்போல சோறு தின்னாரு. அவருக்கு ஞாபகம் இல்ல.

எனக்கு எப்படித் தெரியுமா? சாயங்காலம் அந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வந்துச்சு. பாட்டி, தாத்தாவுக்குக் கண்ணு தெரியலியான்னு கேட்டுச்சு. நான் அத உள்ள கூட்டிட்டுப் போயி, கையப் புடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாத கண்ணு, உங்க வீட்டுலயும் சொல்லாதன்னு கெஞ்சுனேன். அதுக்கு மொகமே மாறிருச்சு. தலைய மட்டும் ஆட்டிட்டுப் போச்சு. இன்னி வரைக்கும் சொல்லல போல.

எந்தப் புள்ளையா? நம்ம தெருப் புள்ளதான். ரெட்டச் சடை போட்டுக்கிட்டு...

உன் பொண்ணு தம்பி. ஜொவெல்.

அந்த டேங்க்கக் கீழ வையி. மெதுவா. எங்க போற? கையக் கழுவிட்டாவது போ, காடி ஒழுகுது. பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருக்கே. சரி, போ. போயிப் பாரு. ஏன் சொல்லலன்னு மட்டும் அவளக் கேட்டுறாதப்பா. அது சொல்லியிருக்கும். நான்தான் வாயப் பொத்துனேன்.