மாட்டுக்குப் பிடிக்காத பாட்டு

செம்பட்டி பஸ்ஸில் அன்று பாட்டுப் பெட்டி பழுது. புண்ணியம். அதனால்தான் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது. மடியில் பருத்திக்கொட்டைப் பை வைத்திருந்தவள் சொன்னாள்:

"நேத்துத்தான்க்கா எங்க மாடு மனசு எறங்குச்சு."

"என்னாத்தா சொல்ற?"

"எதுத்த வீட்டுக்காரன் காருல பெரிய ஸ்பீக்கரா மாட்டியிருக்கான்ல? சாயங்காலம் நான் கறக்க உக்கார்ற நேரம் பாத்துத்தான் தெருவே அதிர வருவான். மாடு மெரண்டு பாலே விடல. ஒரு வாரமா அரைச் சொம்புதான்."

"சொல்லிப் பாக்கலையா?"

"சொன்னேனே. 'மாட்டுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க, போடுறேன்'ங்கிறான்."

"எகத்தாளத்தப் பாரு!"

"பாலுதான் பத்தலையே, மொதல்ல அவன் வீட்டுக்கு ஊத்துறத நிறுத்திட்டேன். அவங்கம்மாவுக்குக் காப்பி இல்லாம ஆகாது. மூணு நாளு கடுங்காப்பி குடிச்சுப் பாத்தாக. நாலாம் நாளு மகன ஒரு பிடி பிடிச்சுட்டாக."

"பாட்டக் கொறைச்சானா?"

"கொறைக்கிறதா? நேத்து தெருமுக்குலயே இஞ்சின நிறுத்திட்டு, கார வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வாரான்க்கா! பின்னாலயே அவங்கம்மா, கையில சொம்போட."

"மாடு?"

"திரும்பிக்கூடப் பாக்கல. அசை போட்டுக்கிட்டே நின்னு, அவுக சொம்பு நெறைய விட்டுச்சு."